கண் மங்கிய ஃபைட்டர் மீனுக்குக் குன்னூரில் ஒரு நல்ல கடை

மலையில் ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீனுக்கு வயதாகிக் கண் மங்க ஆரம்பித்திருந்தால் அவசியம் படியுங்கள். கீழ்க் குன்னூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் பக்கம் ஏறும் சந்து ஒன்றில் சின்னதாக ஒரு மீன் தொட்டிக் கடை இருக்கிறது. வாசலில் லவ் பேர்ட்ஸ் கூண்டுகள், உள்ளே மூன்று பக்கச் சுவரிலும் தொட்டிகள், நடுவில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டும். கடைக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. அந்தச் சந்தில் மீன் கடை அது ஒன்றுதான், தவறவிட முடியாது.

நான் இருப்பது கோத்தகிரியில். வீட்டிலேயே தையல் வேலை. மெஷினுக்குப் பக்கத்தில் இருபது லிட்டர் தொட்டி, அதில் முத்து. அவன் டிராகன் வகை. உடம்பெல்லாம் தடித்த வெள்ளைச் செதில், துடுப்பும் வாலும் கருஞ்சிவப்பு. நான் பாபின் மாற்றக் குனிந்தால்கூடக் கண்ணாடியோரம் ஓடி வந்து துடுப்பை விரித்து நிற்பான். போன ஐப்பசி மழையில் அந்த ஓட்டம் குறைந்தது. தீனி வலப்பக்கம் விழுந்தால் வருவான், இடப்பக்கம் விழுந்தால் அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும். கொஞ்ச நாளில் வலப்பக்கமும் தடுமாற ஆரம்பித்தான். செடித் தண்டில் முகத்தை இடித்துக்கொண்டு அப்படியே அசையாமல் நிற்பதைப் பார்த்தபோது தைக்கிற கை ஓடவில்லை.

அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். இணையத்தில் கண்ணுக்கென்றே சொட்டு மருந்து விற்கிறார்கள், போட்டால் பார்வை திரும்பிவிடும் என்று பாட்டில் படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது. மற்றபடி கிடைக்கிற யோசனை எல்லாம் கீழ்நாட்டு யோசனை. சென்னை கொளத்தூரில் தெருத்தெருவாக மீன் கடைகள். அங்கே ஃபைட்டர் வளர்ப்பவருக்கு ஹீட்டர் என்ற நினைப்பே வராது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அறைத் தண்ணீரே 28 டிகிரியில் நிற்கும் ஊர் அது. கோத்தகிரியும் குன்னூரும் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மார்கழி ராத்திரியில் என் வீட்டுக்குள்ளேயே 13, 14 டிகிரிதான். அந்த யோசனைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குன்னூர்க் கடையை நான் இவ்வளவு உயர்த்திப் பேசுவதற்குக் காரணமே அங்கே பேச்சு குளிரிலிருந்து தொடங்கியதுதான்.

முதலில் போனில்தான் பேசினேன். மீனை பாட்டிலில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம்க்கா. கண்ணு தெரியாததை குளிர்ல குலுக்கிக் கூட்டிட்டு வந்தா பாதி உசிரு போயிடும். ரூம் லைட்டை அணைச்சுட்டு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சு வீடியோ எடுத்து அனுப்புங்க” என்றார். அனுப்பினேன். கேள்விகளாகக் கேட்டார். தொட்டி எத்தனை லிட்டர், தண்ணீர் எத்தனை டிகிரி, கடைசியாக எப்போது மாற்றினீர்கள், ஒரு கண்ணா இரண்டு கண்ணா, கண் வெளியே பிதுங்கி இருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா.

ஏன் இத்தனை கேள்வி என்று பிறகு கடையில் வைத்து விளக்கினார். கண் பிதுங்கி வீங்கினால் அது அடிபட்டதாலோ கிருமியாலோ இருக்கலாம். அதற்கு சுத்தமான தண்ணீரும், சில சமயம் எப்சம் உப்பும் மருந்தும் வேண்டும். கண்ணுக்கு மேலே பனி படிந்தாற்போல் மெல்லிய படலம் வந்தால் பெரும்பாலும் தண்ணீர் கெட்டதுதான் காரணம், தண்ணீரைச் சரிசெய்தால் பல மீனுக்குத் தெளிந்துவிடும். கண்ணின் உள்ளே, நடுவில் மட்டும் வெள்ளை தெரிந்தால் புரை. அது பெரும்பாலும் வயதான மீனுக்கு வருவது, திரும்பாது. முத்துவுக்கு இது மூன்றும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் அந்த வீடியோவை அவர் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். உடம்பில் இருக்கும் அதே தடித்த வெள்ளைச் செதில் நான்கு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து இடக்கண்ணை முழுக்க மூடியிருந்தது. வலக்கண்ணில் நடுவே கறுப்பாக ஒரு சின்னக் கீற்று மட்டும் பாக்கி. டைமண்ட் ஐ என்று இதற்குப் பெயர். தடித்த செதில் வர வேண்டும் என்றே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தெடுத்த வகை என்பதால் டிராகன் ஃபைட்டர்களுக்கு இது அதிகம் வருகிறது.

“இது நோவு இல்லக்கா. மருந்து கிடையாது. இருக்குன்னு யாராச்சும் சொன்னா காசு குடுத்துடாதீங்க” என்றார். அவருக்குப் பின்னாலேயே அலமாரியில் மருந்து பாட்டில்கள் வரிசையாக இருந்தன. எதற்கும் இருக்கட்டும், கிருமி மருந்து ஒன்று கொடுங்கள் என்று நானே கேட்டும் கொடுக்கவில்லை. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் ஊற்றினால் ஃபில்டரில் இருந்து மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போகலாம், அப்புறம் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு ஏறி மீனுக்கு உண்மையிலேயே நோவு வரும் என்றார். மருந்து கேட்டு வந்தவரிடம் மருந்து விற்காத கடை என்று இதை தாராளமாகச் சொல்லுவேன்.

அவர் விற்றது 50 வாட் ஹீட்டர். தெர்மோஸ்டாட் உள்ளேயே இருக்கிறது, 550 ரூபாய். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. அதன்படி எனக்கு 25 வாட் போதும். ஆனால் அறையை விடப் பத்து, பன்னிரண்டு டிகிரி தண்ணீரை ஏற்றி ராத்திரி முழுக்கத் தாங்க 25 வாட் திணறும் என்று பெரியதையே எடுக்கச் சொன்னார். ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும், நான் 26-ல் வைத்திருக்கிறேன். திருகில் 26 என்று வைத்தால் தண்ணீர் 26-க்கு வந்துவிடும் என்று நம்பக்கூடாது, ஒரு டிகிரி இரண்டு டிகிரி வித்தியாசம் காட்டும் என்று சொல்லித் தனியாக ஒரு கண்ணாடி தெர்மாமீட்டரும் வாங்க வைத்தார். அது நல்லதாகப் போயிற்று. என்னுடைய ஹீட்டரில் 25 என்று வைத்தால்தான் தண்ணீரில் 26 வருகிறது.

சூடு ஏறிய மறுநாளே முத்து அடியில் கிடப்பதை விட்டு மேலே வந்துவிட்டான். பார்வை வரவில்லை, வராது. ஆனால் அவன் மந்தமாக இருந்ததற்குக் கண்ணை விடக் குளிர்தான் பெரிய காரணம் என்று அப்போது புரிந்தது. குளிர்ந்த தண்ணீரில் மீனுக்கு ஜீரணம் ஆகாது, பசி எடுக்காது, எதிர்ப்புச் சக்தியும் இறங்கிவிடும். கண்ணும் தெரியாமல் உடம்பும் ஓடாமல் இருந்தால் அது எதைத் தேடும்?

ஹீட்டரோடு அவர் சொன்ன எச்சரிக்கையை எல்லோரும் கவனியுங்கள். ஃபைட்டர் எதிலாவது சாய்ந்து தூங்கும். கதகதப்பாக இருக்கிறதே என்று ஹீட்டர் குழாயிலேயே சாய்ந்தால் உடம்பு வெந்துவிடும். கண் தெரியாத மீனுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஹீட்டரைச் சுற்றிக் காப்பு வலை வேண்டும். அது அவரிடம் ஸ்டாக் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்றார். எம்பிராய்டரி பழகும் பிள்ளைகளுக்காக நான் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் கேன்வாஸ் வலையைக் காட்டி இது ஆகுமா என்று கேட்டேன். தொட்டுப் பார்த்து, தாராளமாக ஆகும் என்றார். ஹீட்டரை விட விரல் அகலம் பெரிதாகக் குழாய்போல் சுருட்டி, நைலான் தூண்டில் நரம்பால் தைத்து மாட்டினேன். வெட்டின ஓரங்களை எல்லாம் உள்பக்கம் மடித்துத் தைத்தேன். இன்றைக்கும் அதுவேதான் இருக்கிறது. தண்ணீர் மாற்றும்போது மட்டும் ஹீட்டரின் பிளக்கைக் கால் மணி நேரம் முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். சுடும் கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் வெடித்துவிடும்.

மூடி பற்றியும் சொல்ல வேண்டும். ஃபைட்டருக்குச் செவுள் தவிர தலைக்குள் லாபிரிந்த் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் 26 டிகிரியாக இருந்து மேலே இருக்கும் காற்று 13 டிகிரியாக இருந்தால் அந்த மூச்சு நல்லதல்ல. மூடி போட்டால் இரண்டும் ஒரே கதகதப்பில் இருக்கும், ஹீட்டருக்கும் வேலை குறையும். என் தொட்டி அளவுக்கு மூடி கடையில் இல்லை. கண்ணாடி வெட்டும் கடையைக் கைகாட்டினார், அங்கே மூலை ஒன்றை வெட்டிவிட்டு மூடி செய்து வாங்கினேன். அதோடு தண்ணீர் மட்டத்தையும் முக்கால் தொட்டிக்கு இறக்கச் சொன்னார். மூச்சுக்கு மேலே வருவதற்கு அவன் நீந்தும் தூரம் குறைகிறது.

இனி என் மெஷின் விஷயம். வீடியோவின் பின்னணியில் மெஷின் ஓடும் சத்தத்தை அவர் கவனித்திருக்கிறார். “தொட்டி அதே மேஜையிலயா இருக்கு?” என்றார். ஆமாம் என்றேன். மீனின் இரண்டு விலாவிலும் ஓடும் பக்கக்கோட்டில்தான் தண்ணீரின் அசைவை அது உணர்கிறது. கண் போன பிறகு அதை நம்பித்தான் நடமாடும். அந்த மேஜையில் மெஷின் அதிர்ந்துகொண்டே இருந்தால் மீனுக்கு எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பிடிபடாது. தொட்டியைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றி அடியில் கெட்டித் தெர்மாகோல் போட்டேன். அன்று மாலையே அவன் நடமாட்டத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஃபில்டரும் அதே கணக்குதான். மோட்டார் ஃபில்டரின் இழுப்பு அவனைத் தள்ளிக்கொண்டு போகும் என்று ஸ்பாஞ்ச் ஃபில்டர் கொடுத்தார், 120 ரூபாய். அதை ஓட்ட ஏர் பம்ப் தனியாக 280. குமிழி மெதுவாக வர நடுவில் ஒரு சின்ன வால்வு. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிடச் சொன்னார். அதிர்வு தொட்டிக்கு வராது, கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியாகப் பம்ப்புக்குள் இறங்கவும் முடியாது.

அடுத்து செடிகள். பழைய பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிடச் சொல்லித் துணிச் செடி இரண்டு கொடுத்தார். மெல்லிய நைலான் காலுறையை அதன்மேல் இழுத்துப் பார்ப்பார்களாம், நூல் மாட்டினால் துடுப்பும் கிழியும். என்னிடம் இல்லாத துணியா? வெட்டி மிஞ்சிய ஷிஃபான் துண்டை ஒவ்வொரு இலையிலும் இழுத்துப் பார்த்தேன். ஒரு செடியின் தண்டுக்குள் இருந்த கம்பி முனை ஷிஃபானை நன்றாகவே பிடித்து இழுத்தது. அடுத்த தடவை குன்னூர் போனபோது அந்தத் துண்டையே காட்டினேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அனுபியாஸ் கட்டிய சின்னக் கட்டை ஒன்று கொடுத்தார். நிஜச் செடி, கெட்டி இலை, முனையே கிடையாது. மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே அதன் அகலமான இலை ஒன்றில்தான் இப்போது முத்து படுத்திருப்பான். துணிக்கடையில்கூடத் தைத்த உருப்படியை இப்படித் திரும்ப வாங்க மாட்டார்கள்.

ஒரு தடவை வைத்த இடத்திலிருந்து எதையும் நகர்த்தக் கூடாது என்பதைத்தான் அவர் அழுத்திச் சொன்னார். “கண்ணு தெரியாதவங்க வீட்டுல நாற்காலியை எடம் மாத்துவோமாக்கா?” என்று கேட்டார். கழுவ எடுத்தால் அதே இடத்தில், அதே திசையில் வைக்க வேண்டும். நான் தொட்டியின் வெளிப்பக்கம் துணிக்கு அடையாளம் போடும் சாக்கால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். லைட்டும் அப்படித்தான். முத்துவின் வலக்கண்ணில் வெளிச்சம் இருட்டு கொஞ்சம் தெரிகிறது, பட்டென்று தொட்டி லைட்டைப் போட்டால் துள்ளிவிடுகிறான். முதலில் அறை விளக்கு, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. பாதாம் மர இலை வேண்டுமா என்று கேட்டதற்கும் நேர்மையான பதில்தான் கிடைத்தது. ஃபைட்டருக்கு அந்த இலைச் சாறு நல்லது, ஆனால் தண்ணீர் டீத் தண்ணி நிறத்துக்கு மாறும், மிச்சமிருக்கும் வெளிச்சமும் குறையும், இவனுக்குச் சிறு துண்டு போதும் என்றார்.

சாப்பாடு கொடுப்பதைக் கடையிலேயே ஒரு வயதான ஃபைட்டரை வைத்துச் செய்து காட்டினார். அவர் செய்தபடியேதான் வீட்டில் செய்கிறேன். ஒரு மூலையில் மிதக்கும் வளையம், எப்போதும் அதே மூலை. கண்ணாடியைத் தட்டுவதில்லை, அது மீனைப் பயமுறுத்தும். ஆள்காட்டி விரல் நுனியால் வளையத்துக்குள் தண்ணீரை மெல்லத் தொட்டுத் தொட்டு எடுப்பேன். அலை போய்ச் சேர்ந்ததும் இலையில் படுத்திருக்கும் முத்துவின் மார்புத் துடுப்பு இரண்டும் விறுவிறுவென்று அடிக்கும். உடம்பைத் திருப்பி, நேராக வராமல் சுற்றிக்கொண்டு மேலே வருவான். வளையத்தின் ஓரத்தை முகத்தால் ஒரு தடவை தொட்டுக்கொள்வான். அப்போது சொட்டு மருந்து டிராப்பரால் ஊறின பெல்லட் (குட்டி உருண்டைத் தீனி) ஒன்றை மூக்கருகே விடுவேன். முதலில் தவறவிடுவான், வாய் வெறும் தண்ணீரைக் கடிக்கும். பின்னால் ஒரு சுண்டு விரல் தூரம் போய், வாசனை பிடித்துத் திரும்பி, கப்பென்று கவ்வுவான். அவசரப்பட்டு அடுத்ததைப் போடக் கூடாது. அவன் தேடும் நேரத்தை அவனுக்கு விட்டுவிட வேண்டும். காலையில் இரண்டு மூன்று, சாயங்காலம் இரண்டு மூன்று பெல்லட் போதும். ஊற வைப்பதால் வாசனையும் ஏறுகிறது. வாரத்தில் ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்த ரத்தப்புழு கொடுத்தால் தேடலே வேண்டியதில்லை, அந்த வாசனைக்கு நேராக வந்துவிடுகிறான். சாப்பிடாமல் விட்டதை ஐந்து நிமிடத்தில் அதே டிராப்பரால் உறிஞ்சி எடுத்துவிடுவேன். கண் தெரிந்த மீன் அடியில் கிடப்பதை அப்புறம் தேடித் தின்னும், இவன் தின்னமாட்டான். அது அழுகினால் அம்மோனியாதான். தண்ணீரில் அம்மோனியா இருக்கிறதா என்று சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டியும் கடையில் இருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். குளோரின் போக ஒரு நாள் பக்கெட்டில் வைத்த தண்ணீர். மார்கழியில் அது ஐஸாக இருக்கும். கொதித்த தண்ணீர் கலந்து, தெர்மாமீட்டரில் 26 காட்டிய பிறகே டம்ளரால் மெதுவாக ஊற்றுவேன்.

மழைக் காலத்தில் இங்கே மரம் விழுந்து கரண்ட் நாள் பூரா போவது உங்களுக்கே தெரியும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. இன்வெர்ட்டர் இருந்தால் 50 வாட் ஒரு சுமையே இல்லை. இல்லாதவர்கள் தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டி, மேலே கம்பளி போர்த்தி, கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கித் தொட்டிக்குள் வைக்கலாம். பாட்டில் ஆறியதும் மாற்ற வேண்டும். அன்றைக்குத் தீனி கிடையாது. போன கார்த்திகையில் பகல் முழுக்க கரண்ட் இல்லாதபோது இப்படித்தான் 22 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டேன்.

குறை இல்லாத கடை இல்லை. எனக்குப் பிடிக்காத ஒன்று, விற்பனைக்கு வைத்திருக்கும் ஃபைட்டர்களைக் கை அகல பாட்டில்களில் அடுக்கி வைத்திருப்பது. மேலே மஞ்சள் பல்பு எரிகிறது, தண்ணீர் தினமும் மாற்றுகிறார் என்பதெல்லாம் சரிதான். இருந்தாலும் முத்துவுக்கு இவ்வளவு பார்க்கிறவர் அதையும் பார்க்கலாம். நேரில் சொன்னேன், இடம் இல்லைக்கா என்றார். இடம் இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்பது என் எண்ணம். அதை இங்கேயும் சொல்கிறேன். இன்னொன்று, டிராகன் வகையை வாங்க வருகிறவர்களிடம் கண் மூடிப்போகும் வாய்ப்பு உண்டு என்று முதலிலேயே சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டால் மறைக்காமல் சொல்கிறார். கேட்காதவர்களுக்கும் சொல்லட்டும்.

ஹீட்டர் காப்பு வலை, மூடி, சின்ன அளவு டிராப்பர் போன்றவை அங்கே எப்போதும் இருக்காது. போனில் கேட்டுவிட்டுப் போங்கள். விலை ஆன்லைனை விட ஐம்பது நூறு கூடத்தான். ஆனால் ஹீட்டரைக் கண்ணாடியில் ஒட்டவைக்கும் ரப்பர் உறிஞ்சி பிடி விட்டுப்போனபோது காசு வாங்காமல் வேறு இரண்டு கொடுத்தார், அந்த ஐம்பது நூறு எனக்குக் கணக்கே இல்லை.

போகிறவர்கள் தொட்டியின் நீளம் அகலம் உயரத்தையும், விடியற்காலையில் உங்கள் அறை எத்தனை டிகிரி இருக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள், முதல் கேள்வியே அதுதான். மீனை எடுத்துப் போக வேண்டாம், டார்ச் அடித்த வீடியோ போதும். செடியோ நத்தையோ வாங்குவதாக இருந்தால் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப் போசி கொண்டுபோங்கள், நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பை தடை என்பதால் அவர் பை தரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது. சீசன் மாதங்களில் மார்க்கெட் சந்தில் கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விட்டால் அவரிடம் நிதானமாகப் பேசலாம்.